மேல் பாத்திரத்தில் தங்கியது

சொட்டு விழுந்தது. சத்தம் விழவில்லை.

தன் காதுதான் அடைத்துக்கொண்டது என்று அவன் முதலில் நினைத்தான். விடாத மழையில் நனைந்து காதுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும் என்று தலையைச் சாய்த்து உள்ளங்கையால் தட்டிப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. சமையலறை மேடையில் மூன்று ஃபில்டர்கள் வரிசையாக நின்றன. முதலாவது மணலும் கரியும் அடைத்த வாளி, சளி பிடித்த கிழவன் மாதிரி கொரகொரத்துக்கொண்டிருந்தது. இரண்டாவது தண்ணீரை வடிக்க வெள்ளைக் களிமண் கேண்டில் வைத்த இரண்டடுக்கு எவர்சில்வர் பாத்திரம், டொக், டொக் என்று ஒழுங்காகச் சொட்டியது. மூன்றாவதும் அதே எவர்சில்வர், அதே உயரம், அதே மூடி. உள்ளே நின்ற கேண்டில் மட்டும் புதுசு, சாம்பல் நிறம். மேல் பாத்திரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து எட்டிப் பார்த்தான். கேண்டிலின் அடிக்காம்பில் துளி ஊறி, கனத்து, நீண்டு, அறுந்து விழுந்தது. கீழே தண்ணீரில் வட்டம் விரிந்தது. ஓசைதான் இல்லை. பஞ்சில் விழுந்த மாதிரி.

"யோவ் சொட்டு!" அவன் பெண்டாட்டி அடுப்பிலிருந்து குரல் கொடுத்தாள். "தண்ணி மூஞ்சியப் பாத்தது போதும். கட்டினவ மூஞ்சியையும் கொஞ்சம் பாரு."

"சத்தமே இல்லடி இதுல."

"அப்ப நல்ல ஃபில்டர்தான். உன் கொறட்டைக்கும் இதே மாதிரி ஒண்ணு செய்யச் சொல்லு."

சொட்டு என்பது அவன் வேலை பார்க்கிற ஃபில்டர் பட்டறையில் மேஸ்திரி வைத்த பேர். எது எந்த வேகத்தில் வடிகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு காதாலேயே சொல்லிவிடுவான் என்பதால் வந்தது. பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளச் சீட்டில் இருந்ததோடு சரி.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. சோதனை போடுகிறவன் ஃபில்டரைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போய்த் தன் வீட்டு ஆட்களுக்கு அதன் தண்ணீரைக் கொடுக்க வேண்டும். கொடுக்க மனசு வராவிட்டால் அது ஃபெயில். "உன் புள்ளைக்கு ஊத்தப் பயந்தா ஊரான் புள்ளைக்கு எப்படிடா அனுப்புவ?" என்று கேட்பார் மேஸ்திரி, நடுவில் இரண்டு கெட்ட வார்த்தையைச் செருகி. கெட்ட வார்த்தை இல்லாமல் அந்த ஆளால் நல்லது ஒன்று சொல்ல முடியாது.

ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்ததிலிருந்து தெருக்குழாயில் சேறுதான் வந்தது. கரண்டு இல்லை. மேலே ஊற்றினால் தன் பாரத்திலேயே இறங்கி வடிகிற ஃபில்டருக்குத்தான் இப்போது மவுசு. மூன்றில் எது தேறுகிறதோ அதை லாரியில் ஏற்றி முகாம்களுக்கு அனுப்ப மேஸ்திரி காத்திருந்தார்.

ஆனால் அவன் கவலை முகாம் இல்லை. கட்டிலில் போர்வைக்குள் சுருண்டு கிடந்தது அவன் கவலை. மகள். சில்லு என்று கூப்பிடுவார்கள். கெட்ட தண்ணீரைக் குடித்து, வாந்தியும் பேதியுமாகி, கண் குழிக்குள் போய், உதடு வெடித்து, செத்துப் பிழைத்து வந்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை வந்தா இந்த உடம்பு தாங்காது. தண்ணி விஷயத்துல ஏமாந்துடாதீங்க" என்றார். அந்தச் சொல் மீன்முள் மாதிரி அவன் தொண்டையிலேயே நின்றது. சோறு இறங்கும்போதெல்லாம் குத்தியது.

உடம்புதான் படுத்திருந்தது. வாய் படுக்கவில்லை.

"அப்பா, மேல தங்குற அழுக்கெல்லாம் என்ன பண்ணும்?"

"சும்மா கெடக்கும்."

"தனியாவா?"

"அழுக்குக்குத் தொணைக்கு ஆள் வைக்கணுமா?"

"நீ போய் இருட்டுல இருந்து பாரு, அப்பத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போர்வைக்குள் சிரித்தாள். தொண்டையில் கோலிக்குண்டு உருளுகிற மாதிரி ஒரு சிரிப்பு அவளுக்கு.

அவன் வேலையைப் பார்த்தான். மூன்றிலும் சிவப்புச் சாயம் கலந்து ஊற்றினான். வாளியில் சாயம் அப்படியே இறங்கியது. இரண்டாவதில் இளஞ்சிவப்பாக வந்தது. மூன்றாவதில் ஒரு பொட்டு நிறம் இல்லை. தம்ளரில் தண்ணீர் இருக்கிறதா என்று சாய்த்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவனுக்கு ஏனோ சந்தேகம் வந்தது. ஒரு கைப்பிடி உப்பைக் கரைத்து மூன்றாவதில் ஊற்றினான். கேண்டில் சேற்றைப் பிடிக்கும், கிருமியைப் பிடிக்கும், உப்பைப் பிடிக்காது. கரைந்தது கரைந்ததுதான், களிமண்ணால் அதைப் பிரித்தெடுக்க முடியாது என்பது பட்டறையைக் கூட்டுகிறவருக்குக்கூடத் தெரியும். வடிந்ததை விரலில் தொட்டு நாக்கில் வைத்தான்.

உப்பு இல்லை. தண்ணீரின் ருசிகூட இல்லை. காற்றை நக்கின மாதிரி இருந்தது.

அவனுக்கு ஒரு நிமிஷம் உடம்பு சிலிர்த்தது. அடுத்த நிமிஷம் சந்தோஷம் வந்து அந்தச் சிலிர்ப்பை மூடிவிட்டது. உப்பையே நிறுத்துகிறது என்றால் எந்தக் கிருமி தப்பும்? பெண்டாட்டியைக் கூப்பிட்டான்.

"உனக்கும் புள்ளைக்கும் இனிமே மூணாவதுதான். நான் ரெண்டாவதுல குடிச்சுக்கிறேன். இது கொஞ்சங்கொஞ்சமாத்தான் வடியுது, மூணு பேருக்குப் பத்தாது."

"தியாகி" என்றாள் அவள். "செலை வைக்கிறோம்."

அவள் சொல்லிவிட்டுச் சிரித்தது அவனுக்குப் பிறகு வெகுநேரம் நினைவில் இருந்தது. ஏனென்றால் அதற்குப் பிறகு அவள் அப்படிச் சிரிக்கவில்லை.

சில்லுவுக்கு வயிற்றுப்போக்கு நின்றது. உதட்டு வெடிப்பு மூடியது. கஞ்சி உள்ளே தங்கியது. அவன் அதைத்தான் பார்த்தான், வேறெதையும் பார்க்கவில்லை. நோய் இறங்குகிற வீட்டில் வேறு எதைப் பார்ப்பான் மனுஷன்? வீடு அமைதியாகிவிட்டதே என்று தோன்றியபோதுகூட, பிள்ளை தேறிவிட்டது, அதனால் பெண்டாட்டியும் ஓய்ந்து கிடக்கிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டான்.

மூன்றாவது ஃபில்டரில் வடிவது மந்தமானது. மந்தமானால் கேண்டிலைக் கழற்றி, பிரஷ்ஷால் தேய்த்து, தேய்த்த கழிவைச் சாக்கடையில் ஊற்றிவிட்டுத் திரும்ப மாட்ட வேண்டும். தூக்கத்தில்கூடச் செய்வான் அதை. சமையலறை மூலையில் தண்ணீர் போகிற துவாரத்துக்குப் பக்கத்தில் குந்தி, சாம்பல் கேண்டிலைக் கையில் எடுத்தான். அதன் மேல் சேறு படிந்திருக்க வேண்டும். படிந்திருந்தது சேறு இல்லை. வழவழவென்று, வெதுவெதுப்பாக, தோல் நிறத்தில் ஒரு படலம். மழைத்தண்ணீரில் கிடந்த களிமண் எப்படி வெதுவெதுப்பாக இருக்கும்? தேய்க்கத் தேய்க்க ஒரு வாசம் எழுந்தது, சோப்பும் வேர்வையும் அடுப்புப் புகையும் கலந்து, விடியற்காலையில் தலையணையில் இருக்குமே, அந்த வாசம். அவன் முகர்ந்துகொண்டே தேய்த்தான். நல்ல வாசம் என்றுகூட நினைத்தான். கழுவித் துவாரத்தில் ஊற்றினான்.

குழாய்க்குள் தண்ணீர் இறங்கும்போது கோலிக்குண்டு உருளுகிற சத்தம் கேட்டது. கட்டிலைத் திரும்பிப் பார்த்தான். சில்லு வாய் மூடி உட்கார்ந்து அவன் கையில் இருந்த பிரஷ்ஷையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப நீ சிரிச்சியா?"

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

படுக்கும்போது பெண்டாட்டியின் தலைமாட்டில் முகத்தை வைத்தான். எப்போதும் வைக்கிற இடம்தான். அவள் தலைமுடியில் வாசனை இல்லை. கழுவின முடியில் சோப்பு வாசனையாவது இருக்கும். இதில் அதுவும் இல்லை. தம்ளருக்குள் மூக்கை விட்ட மாதிரி இருந்தது.

"உனக்கு உடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கேங்க" என்றாள்.

இருட்டில் அவன் கண்ணைத் திறந்தான். கல்யாணம் கட்டின நாளிலிருந்து அவள் அவனை யோவ் என்றுதான் கூப்பிடுவாள். அவன் அம்மா எவ்வளவோ திட்டியும் மாற்றிக்கொள்ளாதவள். மாமியார் எதிரில் வேண்டுமென்றே இரண்டு தடவை யோவ் போடுகிறவள்.

"என்னடி, புதுசா மரியாதை?"

மூச்சு விடுகிறாளா என்று காதைக் கூர்மையாக்கிக் கேட்டான். நெஞ்சு ஏறி இறங்கியது. மூச்சுக்குச் சத்தம் இல்லை.

பிறகும் இரண்டு தடவை கேண்டில் அடைத்துக்கொண்டது. இரண்டு தடவையும் தேய்த்து ஊற்றினான். கை பழகின வேலை, மனசைக் கேட்கவில்லை. ஒரு தடவை படலத்தில் எள்ளளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. கரித்துணுக்கு என்று நகத்தால் சுரண்டித் தள்ளினான்.

மழை சற்று ஓய்ந்த சாயங்காலம் ஜன்னலில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. கஞ்சி ஊற்றிக் கொடுக்கும்போது பெண்டாட்டியின் முகத்தை அந்த வெளிச்சத்தில் பார்த்தான். மேலுதட்டுக்கு மேலே இருந்த மச்சம் இல்லை. சில்லுவின் மோவாயைப் பிடித்துத் தூக்கினான். நடை பழகும்போது வாசற்படியில் விழுந்து கிழித்த தழும்பு அங்கே இருக்கும். இல்லை. உதட்டில் கோடு இல்லை. உள்ளங்கையைத் திருப்பினான். ரேகை இல்லை. கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது கை.

"சில்லு. ஏதாவது பேசு."

"என்ன பேசணும்ப்பா?"

"உனக்கு என்ன தோணுதோ அது."

அவள் யோசித்தாள். வெகுநேரம் யோசித்தாள். "ஒண்ணும் தோணலைங்கப்பா" என்றாள்.

செல்லை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினான். சார்ஜ் சாகிற நிலையில் இருந்தது. மேஸ்திரியைக் கூப்பிட்டான்.

"மேஸ்திரி, நான்தான். மூணாவதை நிறுத்துங்க. லாரியில ஏத்தாதீங்க. அதுல என்னமோ கோளாறு."

"சொல்லுங்க" என்றது அந்தப் பக்கம்.

நம்பரைப் பார்த்தான். மேஸ்திரி நம்பர்தான்.

"மேஸ்திரி... உங்க வீட்டுலயும் அதுதானா?"

"அதுதான். நல்ல தண்ணீர். எல்லாரும் நலமா இருக்கோம்."

"என்னைத் திட்டுங்க மேஸ்திரி. ஒரே ஒரு தடவை திட்டுங்க."

"எதுக்குங்க திட்டணும்? சரக்கு ஏத்தியாச்சு. உடம்பைப் பார்த்துக்கங்க."

செல் அணைந்தது.

உள்ளே வந்தான். வீட்டுக்குள் இருட்டு இறங்க ஆரம்பித்திருந்தது. இரண்டு பேரும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள், மடியில் கை வைத்து, ஏதோ ஆபீசில் கூப்பிடுவதற்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி. அவன் அவர்களைத் தாண்டி மேடைக்குப் போனான். முதல் வாளி கொரகொரத்தது. இரண்டாவது சொட்டியது. மூன்றாவதின் மூடியைத் திறந்தான்.

உள்ளே சேற்றுத் தண்ணீர். நடுவில் கேண்டில், தண்ணீருக்குக் கீழே மங்கலாக, ஒரு கட்டைவிரல் மாதிரி நின்றது. மேலே தோல் நிறப் படலம் மறுபடியும் கட்டியிருந்தது. அவன் பாத்திரத்துக்குள் காதை வைத்தான்.

முதலில் தன் ரத்தம் ஓடுகிற இரைச்சல். அதற்குக் கீழே இன்னொன்று. சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் பேசுகிற மாதிரி. முணுமுணுவென்று. ஒரு பொம்பளை யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் மூச்சு வாங்காமல், ஒரு குழந்தை கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

அவன் காதை எடுத்தான். எடுத்ததும் எல்லாம் புரிந்தது. உப்பு எங்கே போனது, சாயம் எங்கே போனது, அவளுடைய வாசனையும் மச்சமும் எங்கே போனது. அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களையும் அது வடித்திருக்கிறது. எல்லாம் மேலே தங்கியது. தங்கினதை அவன் தேய்த்தான். தேய்த்துச் சாக்கடையில் ஊற்றினான். ஒரு தடவை இல்லை.

மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மிச்சம் இருக்கிறது. இன்னும் மிச்சம் இருக்கிறது. இந்தக் கேண்டிலில் ஒட்டியிருக்கிறவரைக்கும் இருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். குடித்ததால் போனது, குடித்தால் வராதா?

கேண்டிலைக் கழற்றினான். கையில் அது துடித்த மாதிரி இருந்தது. கைதான் துடித்தது என்று சொல்லிக்கொண்டான். தட்டில் படுக்கவைத்தான். கரண்டியை எடுத்தான். சில்லுவுக்குத்தான் முதலில் கொடுக்கப் போனான். பாதியில் நின்றான். படலத்தில் சேறும் கலந்திருந்தது. தெருவெல்லாம் செத்த எலியும் கழிவும் மிதந்த சேறு. இன்னொரு தடவை வந்தா இந்த உடம்பு தாங்காது.

முதலில் பெரியவளுக்குக் கொடுத்துப் பார்ப்போம். ஒன்றும் ஆகவில்லையென்றால் பிள்ளைக்கு.

ஒரே ஒரு கரண்டி வழித்தான். மிச்சத்தைக் கேண்டிலிலேயே விட்டான். பத்திரமாக. மேடை மேல் தட்டில் வைத்து மூடிபோட்டுவிட்டு, கட்டிலில் இருந்த பெண்டாட்டியிடம் போனான்.

"வாயைத் திற."

"அழுக்குங்க அது."

"திறடி!"

தாடையைப் பிடித்து ஊட்டினான். அவள் தடுக்கவில்லை. தொண்டையில் அது இறங்குவது தெரிந்தது. அவன் அவள் முகத்தையே பார்த்தான். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை. பிறகு அவள் நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்தது. கண்ணுக்குள் யாரோ விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிற மாதிரி ஒரு அசைவு. அவள் அவன் சட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.

"யோவ்..." அடிவயிற்றிலிருந்து வந்தது குரல். "எங்கய்யா வெச்சிருந்த என்னை? ஒரே இருட்டுய்யா. சில்லு என் கையைப் புடிச்சிட்டு இருந்தா. நான் மட்டும் வந்துட்டேன்யா... அவ அங்கயே நிக்கிறா... புள்ளையப் பாருய்யா, புள்ளைய..."

அவனுக்குக் கண்ணீர் கொட்டியது. "தர்றேன், அவளுக்கும் தர்றேன், இதோ" என்றான். எழுந்தான். அவள் பிடி தளர்ந்தது. ஒரு கரண்டிதானே. முகத்தில் விழுந்த சுருக்கம் இஸ்திரி போட்ட மாதிரி நீங்கியது. அவள் மடியில் கையை வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் கவனித்தான். கட்டிலில் பிள்ளை இல்லை.

சமையலறையில் சத்தம் கேட்டது.

சரக். சரக். சரக்.

அவனுக்குத் தெரிந்த சத்தம்.

ஓடினான். நிலைப்படியில் கால் இடறியது. மூலையில், துவாரத்துக்குப் பக்கத்தில், அவன் குந்துகிற மாதிரியே குந்தியிருந்தாள் சில்லு. இடது கையில் கேண்டில். வலது கையில் பிரஷ். மேலிருந்து கீழாக, திருப்பித் திருப்பி, ஓரம் விடாமல். கேண்டில் புதுசு மாதிரி இருந்தது. ஒரு படலம் இல்லை. ஒரு பொட்டு இல்லை.

சொம்பில் கடைசித் தண்ணீரைத் துவாரத்தில் ஊற்றினாள்.

"அடைச்சிருந்துச்சுங்கப்பா" என்றாள். "தேய்ச்சு விட்டுட்டேன்."

அவன் விழுந்தான். முழங்கால் தரையில் அடித்தது. துவாரத்துக்குள் கையை விட்டான். மணிக்கட்டு. முழங்கை. தோள் வரைக்கும். விரலில் வழவழப்பாக ஒன்று தட்டியது. பிடித்தான். வழுக்கியது. போய்விட்டது. கையை உருவிக்கொண்டு காதை வைத்தான்.

உள்ளே கேட்டது.

"அப்பா, இது எங்கப்பா போகுது? நீ வரலியா? அப்பா, இங்க நெறைய பேர் இருக்காங்கப்பா. எல்லாரும் ஈரமா இருக்காங்க. அப்பா..."

குழாய்க்குள். தரைக்குக் கீழே. வாசலைத் தாண்டி. தெருவுக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது.

"சில்லு! நில்லுடா! அங்கேயே நில்லு!"

"நிக்க முடியலப்பா. இழுக்குது. அப்பா, நீ கோவமா?"

பின்னால் கால்கள் வந்து நின்றன. பெரிய கால்கள் இரண்டு. சின்னக் கால்கள் இரண்டு. ஈரத் தரையில் அவை வந்த சுவடு இல்லை.

"தாகமா இருக்கும்" என்றாள் பெரியவள், மெதுவாக, அன்பாக. "குடிங்க."

ஒரு சின்னக் கை அவன் நெற்றியைத் தாங்கியது. ரேகை இல்லாத கை. தம்ளரின் விளிம்பு அவன் உதட்டில் வந்து முட்டியது. தண்ணீர் இருக்கிறதா என்றே தெரியாத தம்ளர். அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் கேட்காது.

தொலைவில், ஊருக்கு அடியில் எங்கோ, கோலிக்குண்டு உருண்டது.

இன்னும் கேட்கிறது. இன்னும். கொஞ்சம்.

தாடையில் இன்னொரு கை வந்து அழுத்தியது.